வளராத கட்டியும் கன்னியப்பன் தலைமுடியும்

1
இந்தக் கதை ஒரு குடும்பச் சண்டையில் பிறந்தது. கதிர்வீச்சு கொடுத்தும் கட்டி அப்படியே இருந்தால் அது வெற்றியா, தோல்வியா? 2007இல் கருவடிக்குப்பத்தில் ஒரு வீடே இதனால் இரண்டுபட்டது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாவம், சின்னப்பொண்ணின் தலைக்குள் விதி…'

(அடித்துவிட்டேன். 'பாவம்' என்று சொன்னால் சின்னப்பொண்ணு துடைப்பத்தைத் தேடுவாள்.)

2
அவளுக்கு மூளையில், கண் நரம்புக்குப் பக்கத்தில் கட்டி. வளர்ந்தால் பார்வை போய்விடும். சென்னை ஆஸ்பத்திரியில் தலையில் ஒரு வளையத்தை நான்கு திருகாணிகளால் இறுக்கி, கட்டியை மட்டும் குறிவைத்துக் கதிர் பாய்ச்சினார்கள். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. மறுநாளே தலைநிறைய முடியும் கனகாம்பரமுமாக பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நலம் விசாரிக்க வந்த நாத்தனார் செல்வாம்பாள், அவள் மீன் ஆய்ந்துகொண்டிருப்பதைக் கண்டு வாயைப் பிளந்தாள்.

"ஒரு தையல்கூட இல்ல. இது இன்னா வைத்தியம் அண்ணி? நல்லா ஏமாத்திட்டானுங்க."

3
ஓராண்டு கழித்து மறுபடி ஸ்கேன். (இங்கே 'கட்டி மாயமாய் மறைந்தது' என்று எழுதக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.) பார்வை இம்மியும் குறையவில்லை. கட்டியும் அதே அளவில் இருந்தது.*

கணவன் கன்னியப்பன் இடிந்துபோனான். கட்டி கரைந்தால் தன் செல்லச் சுருட்டை முடியை மயிலம் முருகனுக்குக் கொடுப்பதாக வேண்டியிருந்தான்.

"கரையலியே! எல்லாம் வீணாப் போச்சே!"

"இன்னாய்யா வீணு? வளராம நின்னாலே ஜெயிச்ச மாதிரின்னு டாக்டரு மொதல்லியே சொன்னாரு. நீ எங்க கேட்ட? நான் கேட்டேன். வளரக் கூடாதுன்னுதான் வேண்டிக்கினேன். கெளம்பு மயிலத்துக்கு!" என்றாள் சின்னப்பொண்ணு.

(* கரைய ஆண்டுகள் ஆகலாம்; கரையாமல் அடங்கியே கிடக்கலாம். இதைப் படிப்பவர்களும் கன்னியப்பனைப் போலக் காதை அடைத்துக்கொள்ள வேண்டாம்.)

4
மயிலத்தில் மொட்டை போட அவளே முதலில் உட்கார்ந்தாள். கதிருக்குத் தப்பிய முடியெல்லாம் மடியில் விழுந்தது. முன்முடி மறைத்திருந்த இரண்டு, பின்தலையில் இரண்டு என்று திருகாணித் தழும்புகள் வெளியே வந்தன. கூட வந்திருந்த செல்வாம்பாள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"வலிச்சிதா அண்ணி?"

"வலிக்காமயா? நல்லா பாத்துக்க" என்று தலையைத் தாழ்த்திக் காட்டினாள். அந்தக் குரலில் இருந்த பெருமையை எழுதியபோது எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

முடி இறக்குபவர், "அடுத்தது யாரு?" என்றார்.

கட்டி கரையவில்லை. ஆகவே கன்னியப்பன் கடன்பட்டவன் இல்லை. சின்னப்பொண்ணு மொட்டைத் தலையோடு அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் கை சுருட்டை முடியைத் தடவிக்கொண்டிருக்கிறது.

அவனை உட்காரவைப்பதும் விடுவதும் உங்கள் பாடு. நான் எழுந்துவிட்டேன்.