கூட்டிய மூன்று வயது

"பையனுக்கு என்ன வயசும்மா?" என்று வழக்குப் பேசும் புரொக்டர் மரியநாயகம் கேட்டதும் அம்மாக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ் ஏறி வந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

"பதினெட்டுங்க. போன தையிலதான் முடிஞ்சிச்சு."

"அப்ப மைனர். இருபத்தொண்ணு ஆகாதவன் வச்ச கையெழுத்து செல்லாது. காணி திரும்பக் கெடைச்சிரும்."

அவள் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். செத்துப்போன அவள் புருஷன் சோலைமலை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே மகன் பேரில் வாங்கிய கால் ஏக்கர் அது. குடியிருக்கும் லயத்துக் காம்பிராவைத் தோட்டத் துரை நினைத்தால் பிடுங்கிக்கொள்வார், இதை எவனும் பிடுங்க முடியாது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். எவனும் பிடுங்கவில்லைதான். மகன் சிவசாமியே ஒரு பழைய கிராமபோன் பெட்டிக்கும் நூறு ரூபாய்க்கும் கடைக்காரனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். புத்தி கெட்ட பிள்ளை.

"பொறப்புப் பத்திரம் இருக்கா?"

"எடுக்கவே இல்லைங்க."

"அப்ப தோட்டத்துல ஆள் பேர் பதியுற செக்ரோல்தான் சாட்சி. அதுல வயசு சரியாத்தானே இருக்கு?"

அம்மாக்கண்ணு மேசையிலிருந்து கையை எடுத்தாள். ஐந்து வருஷத்துக்கு முன், சோலைமலை இருமலில் விழுந்து வேலைக்குப் போகாத மாசம் அது. மகனுக்குக் கிடைத்த சின்ன ஆள் அரைச் சம்பளத்தில் அடுப்பு எரியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பனின் கோட்டை மாட்டி, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் குதிகாலை உயர்த்தி நிற்கச் சொன்னவள் அவள்தான். கணக்கப்பிள்ளைக்கு ஒரு முட்டைக்கோழி போயிற்று. பிள்ளைக்குப் பதினாறு என்று எழுதி, முழுச் சம்பளத்துக்குப் பெரிய ஆள் பேர் விழுந்தது. லயத்தில் யார்தான் அப்படிச் செய்யவில்லை? கோழி கொடுத்து வயதை வாங்கிய சாமர்த்தியத்தை அவளே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். புரொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கூட்டிச் சொன்னேன்னு கோட்டுல நீங்க சத்தியம் பண்ணலாம். ஆனா, இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனுவுல என்ன வயசு போட்டீங்க?"

"அதே வயசுதாங்க. எங்க வீட்டுக்காரருதான் சத்தியம் பண்ணிக் கைநாட்டு வச்சாரு."

"அந்த விசாரணை இன்னும் முடியலையே. இங்க நீங்க உண்மையச் சொன்னா, அங்க அவரு பண்ணுன சத்தியம் பொய்யாயிரும். மனுவைத் தள்ளிருவாங்க. ஒங்களுக்கும் பையனுக்கும் நாடில்லாமப் போயிரும். நல்லா யோசிங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். சிவசாமி ரோட்டோரம் நின்று குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மேலுதட்டில் இன்னும் மீசை கறுக்கவில்லை. கண் உள்ளவன் எவனும் அவனை இருபத்தொன்று என்று சொல்லமாட்டான். தன் வாயால் கூட்டியதைத் தன் வாயால் கழிக்க முடியாமல் போயிற்றே.

"எழுத்துல இருக்கிறபடியே இருக்கட்டுங்க ஐயா," என்றாள்.

படியிறங்கி வந்தவளிடம் அவன் ஓடிவந்தான். "என்னம்மா சொன்னாரு? நான் வச்ச கையெழுத்து செல்லாதாமா?"

"செல்லுமாம்ப்பா. நீ பெரிய ஆளாம்."

அவன் முகம் கோணியது. நடு பஜாரில், ஆட்கள் பார்க்க, விம்மி விம்மி அழத் தொடங்கினான். அம்மாக்கண்ணு அவனைக் கடைச் சுவரோரம் இழுத்து நிறுத்தி, முந்தானையால் அவன் மூக்கைச் சிந்திவிட்டாள்.