சாயிமாவின் ஒல்லி டயர்கள்

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் பள்ளிப் பிள்ளைகளைக் காரில் ஏற்றிப்போகும் ஒரே பெண் சாயிமாதான். அத்தா விட்டுப்போன பழைய கரோலா அது. அதன் வருமானத்தில்தான் வீடு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தம்பி உஸாமா எடுத்துக்கொள்வான்.

2004ஆம் ஆண்டு மழைக்காலம். ஒரு திங்கட்கிழமை காலை வாசலில் நின்ற காரைப் பார்த்துத் திகைத்தாள். நான்கும் பளபளக்கும் பெரிய ரிம்கள். அகலமான டயர்கள் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

“எப்படிக்கா? இனி பறக்கும் பாரு,” என்றான் உஸாமா.

பறக்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி அவளுக்குத் தோள் கழன்றது. பிள்ளைகள் ஏறியதும் திருப்பங்களில் டயர் மட்கார்டில் உரசியது. ரயில் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி முனகியது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தே கொன்றான்.

சாயங்காலம் நேரே டீக்கடைக்குப் போனாள். உஸாமா அங்கே ஜமாலோடு உட்கார்ந்திருந்தான். சக்கரங்களை விற்றவர் அவர்தான்; பேட்டைக்கே ‘கோ ஜமால்’, அதாவது ஜமால் அண்ணன்.

“பழைய சக்கரத்தை எங்கடா வச்சிருக்கே?”

ஜமால் சிரித்தார். “பெரிய சக்கரம், அகல டயருன்னா பவர் கூடும்மா. உலகத்துக்கே தெரியும். பொம்பளைங்களுக்குப் பழகக் கொஞ்ச நாளாகும்.”

கடையே சிரித்தது. சாயிமாவுக்குக் காது சூடானது.

“எஞ்சின் அதேதானே கோ ஜமால்? சக்கரத்துக்குள்ள இன்னொரு எஞ்சின் வச்சா வித்தீங்க? ஞாயித்துக்கிழமை வாங்க. இதே வண்டி, இதே ஆளுங்க. பழைய சக்கரம், புதுச் சக்கரம் ரெண்டுலயும் ஓட்டிப் பாத்துடுவோம்.”

ஞாயிறன்று மழை விட்டிருந்தது. முதலில் உஸாமா ஓட்டினான். பக்கத்தில் ஜமால், பின்னால் சாயிமா.

சாலை காய்ந்திருந்த வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு திரும்பியது.

“பாத்தியா! எப்படிப் பிடிக்குது!” என்றான் உஸாமா.

“பிடிக்குது. ஒத்துக்கிறேன். மேல போ.”

மேம்பாலத்தில் பாதி ஏறுவதற்குள் கியரைக் குறைக்க வேண்டியிருந்தது. மறுபக்கம் வேகமாக இறங்கினான். பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதில் பாய்ந்ததும் அகல டயர்கள் தண்ணீர்மேல் ஏறி, வண்டி மிதந்தது. உஸாமா ஸ்டியரிங்கை ஒடித்தான், வண்டி கேட்கவில்லை. நேராக வழுக்கிப்போய் விளக்குக் கம்பத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

டீக்கடைக்குத் திரும்பியதும் சாயிமா இடுப்பில் சுற்றியிருந்த தமெய்னை இழுத்துச் செருகிக்கொண்டு ஜாக்கியை எடுத்தாள். உதவ வந்தவர்களைக் கையமர்த்திவிட்டு, தெரு பார்க்க, உஸாமா கடைக்குப் பின்னால் போட்டுவைத்திருந்த பழைய சக்கரங்கள் நான்கையும் தானே மாட்டினாள்.

“போதும்மா, பாத்தாச்சு,” என்று நழுவப் பார்த்தார் ஜமால்.

“உக்காருங்க கோ ஜமால். என் முறை இன்னும் வரல.”

வளைவில் ஒல்லி டயர்கள் கிறீச்சிட்டன. அவள் வேகத்தைக் குறைத்தாள். ஆனால் ஏற்றத்தில் வண்டி இளைக்காமல் ஏறியது. உஸாமா இறங்கிய அதே வேகத்தில் பள்ளத்துக்குள் விட்டாள். ஜமால் கதவைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்து தெறிக்க, வண்டி நேராக வெளியே வந்தது.

“எஞ்சின் இப்பத்தான் நல்லா சூடாயிருக்கு, அதான்...” என்று இழுத்தார் ஜமால்.

உஸாமா முகத்தைத் திருப்பிக்கொண்டான். “வளைவுல என்னோடதுதான் நல்லா ஓடுச்சு.”

“ஆமாடா. அதுக்கேத்த எஞ்சினும் ரோடும் கிடைச்சா மாட்டிக்கோ. நான் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு பந்தயமா ஓடறேன்?” வண்டியை நிறுத்திச் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அப்ப என் ஞாயித்துக்கிழமை?”

“கேட்டுட்டு எடு. சக்கரத்துல கை வச்சே, அதுவும் கிடையாது.”

மறுநாள் காலை கார் நிறையப் பிள்ளைகளோடு டீக்கடையைக் கடந்தாள். ஜமால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் வேகத்தைக் குறைத்து, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.