பதினோராம் நம்பர்

"புலிப்பீ பொறுக்குறவரு வந்துட்டாருடோய்!" திகன மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வீரய்யாவுக்கு இதுதான் வரவேற்பு. அங்கே சிறுத்தைக்கும் புலி என்றுதான் பேர். அவனும் சிரித்துக்கொள்வான். அவன் பொறுக்கிக் கொடுக்கும் எச்சத்தை வைத்தே, எந்தச் சிறுத்தை எதற்கு உறவு என்று பல்கலைக்கழகத்து றமீஸா மிஸ் சொல்லிவிடுவார். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

இரண்டு வருட உழைப்புக்கு வந்த முடிவோ நல்லதாயில்லை. மொத்தம் பத்தொன்பது சிறுத்தைகள். பதினெட்டு ஒரே குடும்பம். மிஸ் உலகப் படத்தை விரித்தார். ஓர் இனத்துக்குள் பலவகை ரத்தம் ஓடும் இடமெல்லாம் கரும்பச்சை. நம் மலை இருக்கும் புள்ளி வெளிறிக் கிடந்தது.

"அண்ணன் தங்கச்சிக்குள்ளயே குட்டி போட்டா, ஒரு நோய்ல எல்லாம் ஒண்டாப் போயிரும்," என்றார் மிஸ். "பதினோராம் நம்பர் மட்டும் வேற. மகாவலி ஆத்துக்கு அங்கால இருந்து வந்த ஆண் கடுவன். அவன்தான் ஒரே நம்பிக்கை. தேடுங்க அண்ணே."

மூன்று மாதம் காடு மேடெல்லாம் அலைந்தும் அதன் தடயமே இல்லை.

தங்கை ராக்கம்மாவின் பிள்ளைக்குப் பேர் வைக்கத் தோட்டத்து லய வீட்டுக்குப் போனான். குழந்தையின் கழுத்தில் புலிநகம். பயம் அண்டாதாம். நகம் புத்தம் புதுசு.

"பன்னிக்குக் கட்டுன சுருக்குக் கம்பில வந்து மாட்டிச் செத்துருச்சு மச்சான்," மாப்பிள்ளை இருளப்பன் தலையைச் சொறிந்தான். "வெளிய சொல்லிறாதீங்க. உள்ள தூக்கிப் போட்ருவாங்க."

வேறு ஏதாவது சிறுத்தையாக இருக்கட்டும் என்று வீரய்யா கும்பிடாத சாமியில்லை. மனசு கேட்கவில்லை. நகத்தில் ஒரு சீவல் எடுத்து, மரப்பட்டையில் புதிதாகச் சிக்கியிருந்ததாக எழுதி அனுப்பினான். மரத்தைப் பிறாண்டும்போது நகத்தின் மேலுறை கழல்வது வழக்கம்தான்; மிஸ் சந்தேகப்படவில்லை.

பத்தாம் நாள் மிஸ் ஒரு பெட்டி மஸ்கட் அல்வாவோடு ஓடி வந்தார்.

"அண்ணே, பதினோராம் நம்பர்! உசிரோட ஈக்கிறான்!"

சொல்லிவிட வாயைத் திறந்தான். கைப்பிள்ளையோடு தங்கை கண்முன் வந்து நின்றாள். பாழாய்ப்போன வாய் மூடிக்கொண்டது.

வேறு காட்டிலிருந்து ஒரு கடுவனைக் கொண்டுவந்து விடும்படி அதிகாரிகளுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை மிஸ் எடுத்தார். இனி அது எதற்கு என்று அவன் முன்னாலேயே கிழித்துப் போட்டார்.

"நல்லது மிஸ்," என்றான் வீரய்யா, மஸ்கட்டை மென்றபடி.