ஏழாம் நம்பர் சதுரத்து அம்மன்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியது மான் புழுக்கை எண்ணிக்கொண்டிருந்தபோது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஒன்றைச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆற்றங்கரை மூடுபனியில் ஒரு காண்டாமிருகம் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது தோன்றியது என்று எழுதலாம். அது பார்த்தது உண்மைதான். ஆனால் அப்போது எனக்குக் கதை எதுவும் தோன்றவில்லை, ஓடத்தான் தோன்றியது.

முறைப்படி தொடங்குகிறேன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற மூன்றும் இல்லாத கடிதத்துக்கு எங்கள் பள்ளித் தமிழாசிரியர் மதிப்பெண் போடமாட்டார். உள்ளே தேன் ஒழுகினாலும் போடமாட்டார். எனவே:

அனுப்புநர்: நேபாளத்துத் தராய்ச் சமவெளியில், ஒரு தேசியப் பூங்காவின் ஓரத்தில், புல்வெளி ஆராய்ச்சி ஒன்றில் கள உதவியாளனாக நெடுங்காலம் தள்ளிவிட்ட அருப்புக்கோட்டைக்காரன்.
பெறுநர்: நீங்கள்.
பொருள்: புதனி சௌத்ரியின் கூரை.*

* பெயரை மாற்றியிருக்கிறேன். உண்மைப் பெயரும் ஒரு கிழமையை வைத்ததுதான். எந்தக் கிழமை என்று சொல்வதற்கில்லை. பூங்காவுக்கும் ஆற்றுக்கும் பெயரே வைக்கவில்லை. காரணம் நான்காம் பகுதியில் வரும். (அதுவரை நான் எழுதினால்.)

2.

முதல் தொடக்கம்: “தை மாதத்துப் பனி புல்நுனிகளில் முத்து முத்தாக—”

[நிறுத்திவிட்டேன். பனி முத்தாவதை எத்தனையோ காலையில் நான் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததில்லை. என் கண் எப்போதும் தரையில், முன்பு சொன்ன பொருளின் மேல்தான் இருக்கும்.]

இரண்டாம் தொடக்கம்: “பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளின் மேலாண்மையில் உள்ளூர் மக்களின் பங்கு குறித்து—”

[இது அறிக்கை. கையை விட்டால் அது இந்தப் பக்கம்தான் போகிறது, சாயங்காலத்து மாடு கொட்டகைக்குப் போவதுபோல.]

மூன்றாம் தொடக்கம்: “மேல ஒழுகுது. கீழ கரையுது.”

இது நன்றாக இருக்கிறது. என்னுடையது இல்லை என்பது ஒன்றுதான் குறை. பூங்காவை ஒட்டிய ஊரில் இருக்கும் புதனியக்கா சொன்னது. அவருடைய வீட்டுக்கு நாணல்போல் உயர்ந்து வளரும் ஒருவகைப் புல்லால் வேய்ந்த கூரை. அதன் கீழே ஆள் உயரக் குதிர்கள் நிற்கின்றன. எல்லாம் சுடாத பச்சை மண். வருஷத்துச் சாப்பாட்டு நெல் அவற்றில்தான் இருக்கிறது. கூரை ஒழுகினால் குதிர் கரையும், குதிர் கரைந்தால் நெல் முளைக்கும். அந்தப் புல் வெளியே எங்கும் இப்போது கிடையாது. வெளியெல்லாம் வயலாகிவிட்டது. பூங்காவுக்குள் மட்டும்தான் இருக்கிறது. தை பிறந்ததும் சில நாட்களுக்குப் பூங்காவைத் திறந்துவிடுவார்கள். ஊர்ப் பெண்கள் அரிவாளோடு ஆற்றைக் கடந்து போய் வெட்டிக் கட்டித் தலையில் தூக்கி வருவார்கள். மற்ற நாட்களில் உள்ளே கால் வைத்தால் ராணுவக் காவல் பிடித்துக்கொள்ளும்.

“தகரம் போட்டுக்கக் கூடாதாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“போடலாம். மே மாசத்துல உள்ள நெல்லும் வேகும், நானும் வேவேன். வந்து சாப்பிட்டுட்டுப் போ.”

3.

இனி டாக்டர் இலா பௌடேலைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். ஆராய்ச்சி அவருடையது. நான் அவருடைய உதவியாளன்.

அவரை வில்லியாக்கப் பார்த்தேன். முதல் வரைவில் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன், ஜீப்பிலிருந்து இறங்காமல் பேசவைத்தேன். சரிப்படவில்லை. நிஜத்தில் அவர் எனக்கு முன்னால் முழங்கால் சேற்றில் நடப்பவர், தன் அவல் பொட்டலத்தில் பாதியை எனக்குக் கொடுப்பவர், தப்பான ஓர் எண்ணை எழுதிவிட்டால் தூக்கம் போய்விடுகிறவர். வில்லி இல்லாத கதையை நகர்த்துவது பாரவண்டி தள்ளுகிற வேலை. ஆனாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

அவருடைய கேள்வி எளியது. ஊர்க்காரர்கள் புல் வெட்டுவதால் மானுக்கு நல்லதா, கெட்டதா? அதற்காகப் புல்வெளியில் சதுரங்களை அளந்தோம். சிலவற்றில் வழக்கம்போல் வெட்டவிட்டோம், சிலவற்றில் யாரும் கத்தி வைக்கக்கூடாது என்றோம். வெட்டாத சதுரங்களின் மூலைகளில் மூங்கில் நட்டு, தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று சிவப்புத் துணி கட்டினோம். அந்த மூங்கில்களை யானைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டன. தப்பியது ஏழாம் நம்பர் மட்டும்.

 ஒரே ஒரு சதுரத்தை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்கும் வாசகர் தயவுசெய்து என் வேலைக்கு விண்ணப்பிக்கவும். நானும் கேட்டேன். “இருக்கறதை வச்சுத்தான் சொல்ல முடியும். யானைகிட்ட போய் நம்ம முறையியலை விளக்கறியா?” என்றார் டாக்டர்.

எது எங்கே அதிகம் மேய்கிறது என்பதைப் புழுக்கையை எண்ணித் தெரிந்துகொள்வோம். மூன்று வருஷமும் ஏழாம் நம்பர் சதுரத்தில் எண்ணி மாளவில்லை. வெட்டவிட்ட சதுரங்களில் அங்கொன்றும் இங்கொன்றும். ஆக, வெட்டாத புல்லில்தான் மான் இருக்கிறது, எனவே தை மாதப் புல்வெட்டை நிறுத்திவிடலாம் என்பது டாக்டரின் பரிந்துரை. ஊர்க் கூட்டத்தில் அறிவித்துவிட்டால் முடிந்தது. பூங்காவின் ராணுவக் காவலுக்குத் தலைவரான மேஜர் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். திறந்துவிடும் நாட்களில் அவருடைய ஆட்களுக்குத்தான் அலைச்சல்.

4.

எழுதியதை யாருக்காவது வாசித்துக் காட்டாவிட்டால் எனக்கு அடுத்த வரி ஓடாது. இங்கே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனவே புதனியக்காவின் முற்றத்தில் உட்கார்ந்து, தமிழில் எழுதியதை வாயில் அவர்கள் பேச்சாக மாற்றிச் சொல்வது வழக்கம். அன்றைக்கு அவர் நத்தைக் குழம்பு வைத்திருந்தார். நத்தையை ஓட்டிலிருந்து உறிஞ்ச எனக்கு இன்னும் வரவில்லை. நான் உறிஞ்சினால் காற்றுதான் வரும்.

வாசித்தேன்: “ஏழாம் நம்பர் சதுரத்தில் மனித நடமாட்டமே இல்லாததால் மான்கள் அச்சமின்றி வந்தன.”

புதனியக்கா சிரித்ததில் நத்தை புரையேறிவிட்டது. மருமகள் வந்து முதுகில் தட்டினாள்.

“மனுச நடமாட்டம் இல்லையா? வாராவாரம் நாங்கதானே தம்பி போறோம் அங்க.”

“எதுக்கு?”

“எதுக்குப் போவாங்க, அம்மனுக்குத்தான்.”

“எந்த அம்மன்?”

“ஏழாம் நம்பர் அம்மன்.”

 நான் இன்னொரு நத்தையை எடுத்து உறிஞ்சினேன், காற்றுதான் வந்தது.

“நாலு மூலையில மூங்கில் நட்டு, செவப்புத் துணி கட்டி, உள்ள கத்தி படக்கூடாதுன்னு சொன்னது யாரு? நீங்கதானே. அப்புறம் அது என்ன, தபாலாபீசா?”

“அது ஆராய்ச்சிக்கா.”

“யானையெல்லாம் மத்த மூங்கிலைப் புடுங்குச்சு, அதை மட்டும் தொடலை. அதுவும் ஆராய்ச்சியா? பூசாரி கணக்கா நீதானே முன்னால போவே. குனிஞ்ச தலை நிமிராது. பேச்சு மூச்சு இருக்காது. அடிமேல அடி வச்சு, கீழ கெடக்கறதை பவ்யமாப் பொறுக்கிப் பையில போட்டுக்குவே. பிரசாதம்னுதான் நெனச்சோம்.”

“புழுக்கைக்கா அது.”

“இதை இப்ப சொல்றே.” அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் எழுந்து உள்ளே விளக்கு மாடத்துப் பக்கம் அவசரமாகப் போனாள்.

“என்ன படைப்பீங்க?” என்று கேட்டேன். சாமந்தி இதழ்கள் கிடந்ததை நானே அந்தச் சதுரத்தில் பார்த்திருக்கிறேன். எண்ண வேண்டிய பொருட்களில் பூ இல்லாததால் காற்று கொண்டுவந்தது என்று விட்டுவிட்டேன்.

“எங்ககிட்ட என்ன இருக்கு படைக்க? ரெண்டு கை அரிசி. நல்லா நடந்தா வெல்லம். எப்பவும் கல்லுப்பு. உப்பு வைக்காம இருக்க மாட்டோம்.”

உப்பு.

நான் இலையைத் தள்ளி வைத்தேன். உப்பு இருக்கும் இடத்துக்கு மான் எவ்வளவு தொலைவிலிருந்தும் வரும். நின்று நக்கும், திரும்பத் திரும்ப வரும், வந்த இடத்தில் நான் எண்ணும் பொருளை விட்டுச்செல்லும். நான் விளக்கவில்லை, என் முகத்திலேயே புதனியக்கா படித்துக்கொண்டார்.

“அப்ப நாங்க வச்ச உப்புக்கு மான் வந்துச்சு.”

“ஆமாக்கா.”

“மான் வந்ததால எங்க புல்லு போகுது.”

“ஆமா.”

குழம்புச் சட்டியை மூடினார். “வேண்டிக்கிட்டதே கூரைக்குத்தான்” என்றார்.

கதைக்கு அருமையான இடம் இது. எழுதும்போது கை பரபரத்தது, அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டேன். ஏனென்றால் அவருடைய நிலை இதுதான்: உண்மையைக் கூட்டத்தில் சொன்னால் டாக்டரின் முடிவு கவிழும், புல் பிழைக்கும். ஆனால் திறக்காத நாட்களில் வாராவாரம் பூங்காவுக்குள் போனதை மேஜர் முன்னால் ஒப்புக்கொண்டதாகும், அவரோடு போன பெண்கள் எல்லாரையும் சேர்த்து. சொல்லாவிட்டால் கூரை போகும், பின்னாலேயே குதிர்களும்.

“இதையும் எழுதுவியா?” என்று கேட்டார்.

“நீங்க சொன்னாத்தான்.”

“எந்த பாஷையில?”

“எங்க பாஷையிலதான்.”

“மேஜருக்குப் புரியுமா?”

“சுத்தமாப் புரியாது.”

“உங்க ஊர்க்காரங்க இங்க புல்லு வெட்ட வருவாங்களா?”

“வரமாட்டாங்க.”

“அப்ப எழுதிக்கோ.”

நான் ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று யாராவது பேட்டி எடுத்தால் சொல்வதற்கு மொழிப்பற்று, வேர் என்று சில வார்த்தைகள் தயாராக வைத்திருந்தேன். இனி அவை உதவாது.

5.

முடிவு அ: கூட்டத்தில் புதனி எழுந்து நிற்கிறார். அவர் குரல் கணீரென்று ஒலிக்கிறது. மண்ணுக்கும் மக்களுக்கும் உள்ள உறவைச் சொல்லச் சொல்ல மேஜரின் கண்கள் பனிக்கின்றன—

“யாரு, நம்ம மேஜரா?” என்றார் புதனியக்கா. “மறுநாள் லாக்கப்புக்கு எனக்குச் சோறு யாரு கொண்டாருவா? நீயா? நத்தை உறிஞ்சத் தெரியலை, கணீர்னு பேச வைக்கறான்.”

முடிவு ஆ: புதனி வாய் திறக்கவில்லை. ஆவணி மழையில் குதிர்கள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. சேற்றில் நெல் பச்சையாக முளைவிடுகிறது. இதை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. இலக்கியம் என்றால் இதுதான் என்று நினைத்தேன்.

“என் சோத்தைச் சேத்துல போட்டுட்டு நீ மூக்கைச் சிந்தறியா?”

முடிவு இ: கூட்டத்துக்கு முதல் நாள் ஒரு காண்டாமிருகம் வந்து ஏழாம் நம்பர் மூங்கில்களைச் சாய்த்து—

“அது பாவம், புல்லைத் தின்னுக்கிட்டு அதுபாட்டுக்கு இருக்கு. அதை ஏன் இழுக்கறே.”

பிறகு புதனியக்கா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. சேர்க்காமல் விட முடிந்திருந்தால் விட்டிருப்பேன்.

“எல்லாத்துலயும் ஒண்ணு நான் எந்திரிக்கறேன், இல்லேன்னா நான் உக்காந்திருக்கேன். அந்தக் கூட்டத்துல நீ எங்க இருக்கே?”

“ஓரமா. கணக்கு வாசிக்கணுமில்ல.”

“பாயிலயா, நாற்காலியிலயா?”

“நாற்காலியிலக்கா.” ஊர்ப் பெண்கள் பாயில், அலுவலகத்து ஆட்கள் மடக்கு நாற்காலியில். இங்கே அதுதான் வழக்கம்.

“அங்க உப்பு இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“இப்பத் தெரியும்.”

“உப்பு இருந்துச்சுன்னு சொன்னாப் போதாதா? யாரு வச்சான்னும் சேத்துச் சொல்லணும்னு சட்டமா?”

கதையின் கட்டமைப்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

[இந்த இடத்தில் என் மனப்போராட்டத்தை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். சுருக்கம்: சொன்னால் டாக்டரின் மூன்று வருஷ உழைப்பு போகும். “யார் வைத்தது?” என்று மேஜர் கேட்பார். தெரியாது என்று நான் சொல்வேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது டாக்டருக்குத் தெரியும். வேலையும் போகலாம். நடுவில் ஆறு, நிலவு, தனிமை எல்லாம் வந்தன. எடுத்துவிட்டேன்.]

6.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. பெண்கள் பாயில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மேஜர், டாக்டர், ஊர்க் கமிட்டித் தலைவர், நான் ஆகிய நால்வருக்கு இரும்பு நாற்காலி. சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் டாக்டர் படம் காட்டினார். சின்னச் சின்னத் தூண்களுக்கு நடுவில் ஏழாம் நம்பர் தூண் கோபுரம்போல் நின்றது. பாயில் இருந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் அதைப் பார்த்ததும் பழக்கத்தில் கை கூப்பிவிட்டார்கள். மக்கள் ஆராய்ச்சியை மதிக்கிறார்கள் என்று மேஜர் தலையசைத்தார்.

நான் கணக்கை வாசித்தேன். தப்பில்லாமல் வாசித்தேன்.

பரிந்துரையைச் சொல்லிவிட்டு டாக்டர் உட்காரப் போனார். பிறகு அவருக்கே உரிய அந்தக் குணத்தால் நின்றார்.

“நான் சொன்னதுல தப்பு இருக்கலாம். அந்தச் சதுரத்தைப் பத்தி வேற எதாவது யாருக்காவது தெரிஞ்சா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் நான் கையெழுத்துப் போட்டுடுவேன்.”

பாயில் எல்லாத் தலைகளும் குனிந்தன, ஒன்றைத் தவிர. புதனியக்கா டாக்டரைப் பார்க்கவில்லை. மேஜரையும் பார்க்கவில்லை.

புதனி எழுந்து— [இல்லை. அவர் எழவில்லை. பழக்கதோஷம்.]

அப்போது ஓர் இரும்பு நாற்காலி கிறீச்சிட்டது.

அங்கிருந்து எழுந்தது யார் என்று நான் எழுதப்போவதில்லை. மேஜருக்குக் கால் மரத்திருக்கலாம். கமிட்டித் தலைவர் டீ வந்ததா என்று பார்க்க எழுந்திருக்கலாம், அவர் எப்போதும் எழுவார். டாக்டர் தன் நாற்காலியை இழுத்திருக்கலாம். நாற்காலிகள் நான்கு, பெயர்களை மேலே கொடுத்திருக்கிறேன். பாயிலிருந்து எழுந்தால் சத்தம் வராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.

முடித்ததை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். நேபாளியில் மட்டும் வேண்டாம்.