உடல்நலக் காரணத்தால்

டெக்சாஸின் இர்விங் நகரத்து இறுதிச்சடங்குக் கூடத்தில், நஞ்சுண்டன் தன் கைப்பட எழுதி ஜெராக்ஸ் எடுத்த அறுபது தாள்களை நாற்காலிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தார். மேலே தம்பி திருமூர்த்தியின் படம். கீழே பிறந்த ஊர், படிப்பு, பேரூராட்சித் தலைவர் பதவி. அதற்கடுத்த வரியில் தம்பி மகள் வான்மதியின் விரல் நின்றது.

“‘உடல்நலக் காரணத்தால் பதவி விலகினார்.’ பெரியப்பா, அப்பாவுக்கு அப்போ ஜலதோஷம்கூட இல்லீங்க.”

“இர்விங்ல இருக்கிற தமிழாளுக பூராவும் வருவாங்க சாமி. நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பேரு இருக்குது.”

வான்மதி சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் சட்டைப் பையில் சாய்ந்திருந்த பேனாவை நிமிர்த்தி வைத்தாள். பேனா இல்லாமல் அவரைப் பார்க்க முடியாதென்று அவள்தான் செருகியிருந்தாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால், ஊரில் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி இடிந்து ஒரு பெண்ணின் கால் போனது. கட்சிக்காரர்கள் ஓவர்சியர் மேல் பழியைப் போடச் சொன்னார்கள். திருமூர்த்தி பஸ் ஸ்டாண்டில் மைக்கைப் பிடித்து, “மேலே ஏறிப் பார்க்காமயே கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுது” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே விலகினார். நஞ்சுண்டன் ஒரு வருஷம் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் தம்பிக்கு நெஞ்சுவலி என்றார். அந்த நெஞ்சுவலி அவரோடேயே டெக்சாஸுக்கும் வந்து சேர்ந்தது.

வெளி அறையில் டிவி ஓடியது. ஏதோ ஓர் அரசியல்வாதி மேல் வாஷிங்டனில் நடந்த விசாரணை. காபிக் கோப்பைகளோடு நாலு பேரும் நஞ்சுண்டனும் நின்றிருந்தார்கள்.

“எவனைப் பார்த்தாலும் பொய். மாட்டிக்கிட்டா வக்கீல்.”

“நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுதாம்? மாட்டின உடனே நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி. ஒருத்தனாவது ‘ஆமா, நான்தான்’னு சொல்லியிருக்கானா?”

நஞ்சுண்டன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஒருத்தர் சொன்னாருங்க. உள்ளே படுத்திருக்காரு.”

சொன்னவனுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் பாலசுப்ரமணியன். பக்கத்து ஊரான ஆலனிலிருந்து வந்திருந்தான். நஞ்சுண்டனிடம் வந்து கைகூப்பினான்.

“நான் அந்த ஓவர்சியர் பையனுங்க. தமிழ்ச் சங்கத்து ஈமெயில்ல பேரைப் பார்த்தேன். அன்னிக்கு அவங்க ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா எங்கப்பா ஜெயிலுக்குப் போயிருப்பாரு. நான் காலேஜை முடிச்சிருக்க மாட்டேன். நேர்ல ஒரு தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன். லேட் பண்ணிட்டேனுங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நீங்க அவங்க அண்ணனுங்களா? கொடுத்துவெச்சவங்க.”

நஞ்சுண்டன் முதுகு வளையாமல் நின்றார். அவன் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனார். வைத்த வரிசையிலேயே அறுபது தாள்களையும் திரும்ப எடுத்தார். தம்பியின் பையிலிருந்து பேனாவை உருவினார்.

‘உடல்நலக் காரணத்தால்’ என்பதை அடித்து, மேலே ‘தன் தவற்றை ஏற்று’ என்று எழுதினார். ஒன்று. இரண்டு.

“பெரியப்பா, சடங்கு ஆரம்பிக்க அரை மணி நேரந்தான் இருக்குது. நான் பாதி எழுதட்டுங்களா?”

“வேண்டாம் சாமி. நான் எழுதினது. நானே அடிக்கிறேன்.”

மை காய்ந்த தாள்களைப் பாலசுப்ரமணியன் வாங்கி வாங்கி நாற்காலிகளில் வைத்துக்கொண்டே போனான். கடைசித் தாளும் முடிந்தது. நஞ்சுண்டன் பேனாவை மூடினார். வேட்டி நுனியால் அதைத் துடைத்து, தம்பியின் பையில் நேராக நிற்கும்படி செருகினார்.