தொடாமல் எடுத்த படம்

விடியும்போதே தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். கப்பலின் அடிக்கிடங்கில் நிற்பவர்களுக்குக் கிரேன் தெரியாது. கிரேன்காரனுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். மேலே விளிம்பில் நிற்கும் வெள்ளைச்சாமி கையசைத்தால்தான் மூட்டை நகரும். அந்தக் கையை நம்பித்தான் கீழே உயிர்கள் இருந்தன. அது ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

ஏமாற்றியவர் கான்ட்ராக்டர் பன்னீர்செல்வம். பரமக்குடிக்காரர். மாமா, மாப்ளே என்று உறவு கொண்டாடியே முதுகொடிய வேலை வாங்குகிறவர். போன மாதம் கண் முகாம் வைத்தார். கண்ணில் ஊசி போடுவார்கள் என்று சர்க்கரை நோய்க்காரர்கள் பயந்து ஒளிந்தார்கள்.

"கண்ணத் தொடவே மாட்டாங்க மாமா. மிஷின்ல தாடைய வச்சா, லைட்ட வச்சே உள்ள படம் எடுத்துருவாங்க. எதுனா இருந்தா வைத்தியம் என் பொறுப்பு" என்றார்.

வெள்ளைச்சாமி முதல் ஆளாக உட்கார்ந்தார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் போனார்கள்.

இன்று பன்னீர்செல்வம் கப்பலுக்கே வந்து வேலையை நிறுத்தினார்.

"மாமா, ஒங்களுக்கும் இன்னும் மூணு பேருக்கும் விழித்திரை நீர் கோத்து வீங்கியிருக்காம். நாளையிலருந்து வர வேணாம்."

வெள்ளைச்சாமி கிரேன் கம்பியை அண்ணாந்து பார்த்தார். "கம்பி வளையுது, மாத்துன்னு ஒங்கிட்ட எத்தன தடவ சொன்னேன்! வளஞ்சது என் கண்ணுதானா?"

"சீக்கிரம் வைத்தியம் பாத்தா பார்வையக் காப்பாத்திரலாமாம். பாத்துக்குங்க."

"நீ பாக்குறேன்னு சொன்னியே மாப்ளே?"

"ஓசியில படம் எடுத்துக் குடுத்தேன். அதே பெருசு."

"இனி நான் இங்க நிக்கக் கூடாது, அது நியாயம். கீழ ஒரு வேல குடு. வைத்தியத்துக்கு வழி பண்ணு. ஒன்ன நம்பித்தான இவுங்களயும் கூட்டிப் போனேன்!" வேலை போனதைவிட அதுதான் அவர் நெஞ்சை அறுத்தது.

பன்னீர்செல்வம் கிடங்குக்குள் கத்தினார்: "ஈஸ்வரா, ஒன் படம் சுத்தம். மேல வந்து சிக்னல் குடு."

ஈஸ்வரன் ஏறி வந்தான். "அவுங்க நாலு பேருக்கும் வழி சொல்லாம என் கை அசையாது."

"காம் பந்தா? வேலைய நிறுத்துறீங்களா? எல்லாரையும் தூக்கிட்டு மெயின்லேண்ட்ல இருந்து ஆள் கொண்டாருவேன்!"

இரும்பு ஏணி அதிர்ந்தது. யார் யாரோ ஏறி வந்து சுற்றி நின்றார்கள். வெள்ளைச்சாமிக்கு ஆட்கள் தெரிந்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கல்தான்.

"யாரெல்லாம்ப்பா?"

"முருகானந்தம்."

"உதயசூரியன், மாமா."

ஒவ்வொருவராகப் பேர் சொன்னார்கள். பன்னீர்செல்வம் போனைக் காதில் வைத்துக்கொண்டு கரைக்கு இறங்கினார். அப்போது கிரேனின் இரைச்சல் நின்றது. உச்சியிலிருந்து கிரேன் ஓட்டும் வங்காளி பிமலின் குரல் வந்தது:

"மைன் பீ ஹூன், சாச்சா! நானும் இருக்கேன்!"