மைதீன் பாட்சா தின்னாத கறி

மைதீன் பாட்சா அண்ணன் என் கடைக்குப் பத்தொன்பது வருடமாக வந்தார். தினமும் சாயங்காலம் தறிக்கூடத்திலிருந்து நேராக வந்து, கல்லாவை ஒட்டிய மேசையில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சீனியைத் தூவித் தின்றுவிட்டுப் போவார். மாட்டுக்கறி சுக்காவுக்குப் பேர்போன கடையில் சீனி! "ஏண்ணே இப்படி என் மானத்த வாங்குதிய?" என்று நான் கேட்காத நாள் கிடையாது. மாட்டுக்கறி ஒரு துண்டு உள்ளே போனாலும் அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும், கண் வீங்கிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வெளியில் தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லமாட்டார். எனக்கும் அவர் வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது ஊரில் இதைக் கேட்க ஆள் இல்லை.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த வாரத்தில் அண்ணன் தறிக்கு முன்னால் போய் நின்று, அதை எப்படி ஓட்டுவது என்று தெரியாமல் விழித்தாராம். அடுத்த வாரம் அடுத்தவர் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். கை தானாக வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் பெற்ற மகள் ரூபியாவைப் பார்த்து "யாரு பிள்ள நீ?" என்று கேட்டார். திருநெல்வேலிக்கு நாங்கள் கூட்டிப் போனபோது அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். டாக்டர் மூன்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பேர் சொன்னார். மூளை பஞ்சுபோல ஆகிவிடும், பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும், பெரும்பாலும் ஏன் வருகிறது என்றே தெரியாது, மருந்து இல்லை. "சாப்பாட்டுல வந்ததுன்னு நினைக்காதீங்க. பக்கத்துல இருக்கவங்களுக்கு ஒட்டவும் செய்யாது" என்று இரண்டு தடவை சொன்னார்.

கூட வந்த ஒருவன் அந்த மூன்று எழுத்தைப் போனில் தட்டினான். போன் பைத்திய மாட்டு நோய் என்றது. அது வேறு, இது வேறு என்று டாக்டர் விளக்கினார்தான். போனுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

நாங்கள் ஊர் வந்து சேருமுன் எல்லோர் போனிலும் செய்தி வந்துவிட்டது. சங்கரன்கோவிலில் பைத்திய மாட்டு நோய், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரிபாயி கடையில் தின்றவருக்கு மூளை போய்விட்டது என்று என் பேரைச் சொல்லியே ஒரு பெண் குரல் அழாத குறையாகப் பேசியது. கூடவே ஒரு வீடியோ. கருப்பும் வெள்ளையுமாக ஒரு சீமை மாடு சிமெண்டுத் தரையில் வழுக்கி வழுக்கி விழுந்தது. கரிவலம்வந்தநல்லூர் பக்கத்திலிருந்து எனக்கு வருகிற மாடு எதுவும் ஆயுசுக்கும் சிமெண்டுத் தரையைப் பார்த்ததில்லை. யாரிடம் போய்ச் சொல்ல?

முதல் நாள் பாதிக் கூட்டம். மூன்றாம் நாள் ஈ காக்கை இல்லை. ஆட்டோ ஓட்டுகிற பேச்சிராஜ், மாலை போட்டிருக்கும் நாட்கள் தவிர ஒரு சாயங்காலம் தவறாமல் சுக்கா தின்றவன், ஆட்டோவை விட்டு இறங்காமல் எதிர்ச்சாரியிலிருந்தே கத்தினான்.

"வே பாய், போன மாசம் தின்னது இப்ப ஒண்ணும் செய்யாதுல்லா?"

"செய்யாதுவே. உள்ள வாரும்."

"காலையில எந்திச்சா தல சுத்துது வே."

"ராத்திரி என்னத்தக் குடிச்சீரு?"

அவன் சிரிக்கவில்லை. அவன் கண்ணில் நிஜமான பயம் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் புத்தி வேலை செய்யாது. ஒரு தட்டு நிறையச் சுக்காவை எடுத்துக்கொண்டு நடுரோட்டில் நின்று நானே தின்றேன். "பாருங்கலே, எல்லாரும் பாருங்க!" என்று கத்தினேன். பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். மறுநாள் அதுவும் போனில் வந்தது: கடைக்காரருக்கும் முற்றிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அண்ணனின் மனைவி ஆமினாள் மைனியிடம் போனேன். நான் சொன்னால் கடைக்காகச் சொல்கிறான் என்பார்கள்; இந்த உலகத்தில் என்னைக் காப்பாற்ற அவர் ஒருவரால்தான் முடியும். மைனி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"மைனி, ஒரே ஒரு வார்த்த. ஜமாத்துக்கு வர வேண்டாம். போன்ல பேசி அனுப்பி விட்டாப் போதும். எங்க வீட்டுக்காரரு மாட்டுக்கறியே தின்னமாட்டாருன்னு."

மைனி அண்ணனின் தாடையைத் துடைத்தார். "சொல்லமாட்டேன் தம்பி" என்றார்.

"ஏன்?"

"கறியில வரலன்னா எதுல வந்துச்சுன்னு கேப்பாங்க. டாக்டருக்கே தெரியலன்னு சொன்னா, ரத்தத்துல இருக்கு, வம்சத்துல இருக்குன்னுதான பேசுவாங்க? கடையநல்லூர்லேருந்து ரெண்டு தடவ போன் வந்துட்டு. இவரோட வாப்பா எப்படி மவுத்தானாருன்னு கேக்காங்க."

ரூபியாவுக்குக் கடையநல்லூரில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை அல் அமீன் துபாயில். வருகிற மாதம் லீவில் வந்ததும் நிக்காஹ்.

"கறின்னா அது வாப்பாவோட போயிரும். ரத்தம்னா பிள்ள மேல வந்து நிக்கும்" என்றார் மைனி.

"அப்ப எல்லாத்தையும் என் தலையில கட்டுதியளா?"

"ஆமா." கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "வேற யாரு தல இருக்கு எனக்கு?"

அப்போது அண்ணனின் கை வெட்டி இழுத்துக் கிண்ணம் கவிழ்ந்தது. ரூபியா துணியோடு ஓடிவந்து, தலை நிமிராமல் தரையைத் துடைத்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் வெளியே வந்தேன். வழி நெடுக மைனியைத் திட்டிக்கொண்டே போனேன். என் கடையில் சீனி தின்ற மனுஷனால் என் கடை போகிறதே என்று நெஞ்சு எரிந்தது.

செய்தி பரவிய ஒன்பதாம் நாள் அண்ணன் கண்ணை மூடி மவுத்தானார். மய்யித்தைக் குளிப்பாட்ட வரவேண்டியவர்களில் இரண்டு பேர் காய்ச்சல் என்று வரவில்லை. வந்தவரும் கையுறை மாட்டிக்கொண்டு தள்ளி நின்று தண்ணீர் ஊற்றினார். நான் வெறுங்கையால் குளிப்பாட்டினேன். அந்தக் கை அசையாமல் கிடந்ததை மூன்று மாதத்தில் அன்றுதான் பார்த்தேன். என்னை மீறி அழுதுவிட்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் வாப்பா சித்தீக் ஹாஜியார் துக்கம் கேட்க வந்தார். வீட்டில் ஆம்பிளை இல்லை என்று என்னை உட்காரச் சொல்லியிருந்தார்கள். புருஷன் போனவர்கள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் மைனி திரைக்குப் பின்னால் இருந்தார். ரூபியா கொண்டுவந்து வைத்த டீயை ஹாஜியார் தொடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான அந்தக் கடைக்காரரு? உண்மையச் சொல்லுங்க. இது கறியில வந்ததா, இல்ல குடும்பத்துலயே இருக்கா?"

திரை அசையவில்லை. அதற்குப் பின்னால் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. ஹாஜியார் சொன்னால் ஜமாத் கேட்கும், ஜமாத் சொன்னால் ஊர் கேட்கும். ஆனால் ரூபியா தலை நிமிராமல் தரையைத் துடைத்தது கண் முன்னால் வந்து நின்றது. கடை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"கறிதான் ஹாஜியார். என் கடையிலதான் தின்னாரு."

"தினமுமா?"

"தினமும். சுக்கா ரெண்டு பிளேட்டு. ஈரலும் விடமாட்டாரு."

பொய் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஹாஜியார் மெல்லத் தலையாட்டினார். சரிதான், பிள்ளை தப்பித்தாள் என்று நினைத்தேன்.

"அப்ப வீட்டுக்கும் பார்சல் வாங்கிட்டு வந்திருப்பாரு" என்றார் ஹாஜியார். "பிள்ளையும் தின்னிருக்கும்லா?"

நான் டீயை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உடனே தெரியாதாம். பத்து வருஷம் கழிச்சுக்கூட வருமாம். போன்ல போட்டிருக்கான்."

"இல்ல ஹாஜியார், இல்ல! பொய் சொல்லிட்டேன். அவரு மாட்டுக்கறி தின்னதே கிடையாது. உடம்பு தடிச்சிரும் அவருக்கு. அல்லா மேல ஆணையா..."

"இப்பத்தான ஈரல்னு சொன்னிய?"

"அது... பிள்ளைக்காகச் சொன்னேன்."

"அப்ப இதுவும் பிள்ளைக்காகத்தான சொல்லுதிய?"

திரைக்குப் பின்னாலிருந்து மைனியின் குரல் உடைந்து வந்தது. இத்தாவில் இருப்பதையும், முன்னால் சம்பந்தி இருப்பதையும் அவர் மறந்துவிட்டார். "சீனிதான் தம்பி தின்னாரு! பரோட்டாவுக்குச் சீனிதான் தின்னாரு! சொல்லுங்க தம்பி, நல்லாச் சொல்லுங்க!" நான் கெஞ்சிக் கேட்டபோது கிடைக்காத வார்த்தை அது. ஹாஜியார் திரையைப் பார்க்காமல் எழுந்து செருப்பை மாட்டினார்.

"அல்லா உங்களுக்குப் பொறுமையக் குடுக்கட்டும். பையன்ட்ட கலந்துட்டுச் சொல்லுதோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. ரூபியா வந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் என்னைப் பார்த்து ஏதாவது ஏசியிருந்தால்கூடத் தேவலை.

நடந்தே கடைக்குப் போனேன். ஷட்டருக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தி பேச்சிராஜ் நின்றுகொண்டிருந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. கையில் போன்.

"வே பாய், கறியிலதான் வந்துச்சுன்னு நீரே ஒத்துக்கிட்டீராமே?"

சாவி என் கையில் இருந்தது. இல்லைவே என்று சொல்ல வாயைத் திறந்தேன். இதுவரை எத்தனை பேரிடம் என்னென்ன சொன்னேன் என்று எனக்கே குழம்பிப்போனது. பேச்சிராஜ் பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.